கம்மி விலையில கேம் கன்சோல் வாங்கலாமா? சீரிஸ் எஸ், பிஎஸ்5, பழைய பிஎஸ்4, ஸ்விட்ச்: எது யாருக்கு சரி வரும்

பட்ஜெட் முப்பத்தஞ்சு, நாப்பதாயிரம், வீட்டுல ஒரு டிவி இருக்கு, பையன் ஒரு பக்கம் நச்சரிச்சுக்கிட்டு இருக்கான், இல்லன்னா வேலைக்குப் போயி முதல் போனஸ் கைக்கு வந்திருக்கு, சின்ன வயசு ஆசையைத் தீத்துக்கணும். இந்த நிலைமையில இருக்குற நிறைய பேர் ரெண்டு மூணு பெட்டியை ஷாப்பிங் கார்ட்ல போட்டு வச்சுக்கிட்டு எதை எடுக்குறதுன்னு தெரியாம வாரக்கணக்கா முழிக்கிறாங்க, கடைசில எது விலை கம்மியோ அதுல போய் மனசு நிக்குது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். விலையைக் குறைக்கணும்னா கம்பெனிக்காரங்க முதல்ல கழட்டுறது டிஸ்க் டிரைவைத்தான் (கேம் டிஸ்க் போடுற பாகம்), ஆனா நம்ம ஊர்ல காசை எண்ணி செலவு பண்றவங்களுக்கு ரொம்ப அவசியமான பாகமே அதுதான். டிஸ்க் இருந்தாத்தான் ஒரு கேமை வாங்கி, முடிச்சு, வித்து, அந்தக் காசுல அடுத்ததை வாங்க முடியும். அதனால விலை கம்மியான பெட்டி ரெண்டு வருஷத்துல விலை கூடின பெட்டியா மாறிடலாம், இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

## எதை வச்சு எடை போடுறது

பெட்டி விலையை மட்டும் பாக்காம மூணு வருஷத்துக்கு மொத்தமா எவ்வளவு போகும்னு பாருங்க. கேம் ஒவ்வொண்ணுக்கும் காசு, ஆன்லைன்ல விளையாட சந்தா, இன்னொரு கன்ட்ரோலர், இடம் பத்தலைன்னா ஸ்டோரேஜ், எல்லாம் சேத்து. சோனியோட பெரிய பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் புதுசா வரும்போது 4,999 ரூபாய்க்கு வருது, அந்த மாதிரி ஏழெட்டு கேம் வாங்குனா ஒரு பெட்டி விலை ஆயிடுச்சு.

அடுத்து நெட். டிஸ்க் இல்லாத பெட்டின்னா ஒவ்வொரு கேமும் டவுன்லோட்தான். 100 ஜிபி கேம் ஒண்ணு 40 எம்பிபிஎஸ் லைன்ல வர கிட்டத்தட்ட அஞ்சரை மணி நேரம் ஆகும், 100 எம்பிபிஎஸ்னா ரெண்டேகால் மணி நேரம். வீட்டுல பைபர் லைன் இருந்தா இது பிரச்சனையே இல்ல. தினம் 2 ஜிபி வர்ற மொபைல் பேக்ல ஹாட்ஸ்பாட் போட்டு சமாளிச்சுக்கலாம்னு நினைச்சீங்கன்னா அதே கேமுக்கு அம்பது நாள் ஆகும், வேற எதுக்கும் டேட்டா தொடாம இருந்தா. டிஸ்க் வாங்குனாலும் அப்டேட்டுக்கு நெட் வேணும்தான், ஆனா பெரும்பாலான கேம்ல முக்கால்வாசி டிஸ்க்லயே வந்துடும்.

மூணாவது விஷயத்தைத்தான் நிறைய பேர் மறந்துடுறாங்க: உங்க கூட விளையாடுறவங்க எங்க இருக்காங்க? ஃபிரண்ட்ஸ் எல்லாரும் பிஜிஎம்ஐ (ஃபோன்ல ஆடுற பப்ஜி) ஆடுறாங்கன்னா நீங்க கன்சோல் வாங்கி அவங்களோட சேர முடியாது, கன்சோல்ல இருக்குற பப்ஜி தனி உலகம், மொபைலோட சேராது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 ரெண்டும் கன்சோல்லயே கிடையாது. கிளாஸ்ல எல்லார்கிட்டயும் பிஎஸ் இருந்தா டிஸ்க் மாத்தி மாத்தி விளையாடலாம், அந்த இடத்துல எக்ஸ்பாக்ஸ் வாங்கிக் கொடுத்தா பையன் தனியா நிப்பான்.

கடைசியா ரிப்பேர். பில்லு, வாரன்ட்டி, சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம். சென்னை, கோயம்புத்தூர்ல இருக்கவங்களுக்கு இது சின்ன விஷயமா தெரியலாம், சின்ன ஊர்ல இருந்து கூரியர்ல அனுப்பிட்டு காத்திருக்கவங்களைக் கேட்டாத்தான் தெரியும்.

## எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்

மைக்ரோசாஃப்ட்டோட பெட்டி, டிஸ்க் டிரைவ் கிடையாது. 2020 நவம்பர்ல இந்தியாவுல 34,990 ரூபாய்க்கு வந்துச்சு, அதுக்கப்புறம் விலை ஏறித்தான் இருக்கு. அமெரிக்காவுலயே 299 டாலரா இருந்தது 2025ல ரெண்டு தடவை ஏறி 399.99 டாலருக்குப் போயிடுச்சு. பொதுவா வருஷம் போகப் போக கன்சோல் விலை இறங்கும்னு ஒரு நம்பிக்கை நம்மகிட்ட இருக்கு பாருங்க, இந்தத் தலைமுறைல அது செல்லல. "கொஞ்சம் பொறுத்தா குறையும்"னு காத்திருக்கிறதுல லாபம் இல்ல.

நல்ல விஷயங்கள் நிறைய இருக்கு. சின்னப் பெட்டி, சத்தமே கேக்காது, கரன்ட் கம்மியா இழுக்கும், லோடிங் வேகம் எஸ்எஸ்டியால (வேகமான ஸ்டோரேஜ்) சூப்பரா இருக்கும். வீட்டுல இருக்குறது ஃபுல் எச்டி டிவின்னா படத்துல குறை தெரியாது. பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன், 360 காலத்து கேம்கள் நிறைய இதுல ஓடும், டிஜிட்டலா வாங்கியிருந்தா.

இப்ப மறைஞ்சிருக்குற செலவுக்கு வருவோம். 512 ஜிபின்னு போட்டிருந்தாலும் உங்களுக்குக் கிடைக்கிறது 364 ஜிபிதான். கால் ஆஃப் டூட்டி மாதிரி ஒரு கேம் அதுல நூறு ஜிபிக்கு மேல சாப்பிட்டுடும், அப்புறம் ஒண்ணை அழிச்சுத்தான் இன்னொண்ணை ஏத்தணும். சாதாரண யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்ல புது கேமை வச்சுக்கலாம், ஆனா அங்கிருந்து ஓட்ட முடியாது. ஓட்டணும்னா அதுக்குன்னே விக்கிற ஸ்பெஷல் கார்டு வேணும், அது விலை அதிகம். கன்ட்ரோலர்ல வர்றது ரெண்டு பென்சில் பேட்டரி, சார்ஜ் ஏத்துற பேட்டரி தனியா வாங்கியாகணும்.

முக்கியமான கணக்கு கேம் பாஸ். "டிஸ்க் இல்லன்னா என்ன, கேம் பாஸ் இருக்கே, மாசம் கொஞ்சம் காசு, நூத்துக்கணக்கான கேம்"னு சொல்லித்தான் இந்தப் பெட்டியை எல்லாரும் சிபாரிசு பண்ணாங்க, நானும் அதை ஒத்துக்குவேன், அப்ப அது நியாயமான பேச்சு. 2025 அக்டோபர்ல அல்டிமேட் பிளான் இந்தியாவுல மாசம் 829லேர்ந்து 1,389 ரூபாய் ஆச்சு. அந்த விலையை மூணு வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்க, 50,004 ரூபாய், பெட்டி விலையைத் தாண்டிடுச்சு. அதுக்குக் கீழ இருக்குற பிரீமியம் அப்ப 699 ரூபாய், அது மூணு வருஷத்துக்கு 25,164. சந்தா நிறுத்துன அன்னைக்கு உங்க கையில ஒரு கேம் கூட மிஞ்சாது. எனக்கு இந்த விலையேத்தம் உண்மையிலேயே வருத்தமா இருக்கு, ஏன்னா காசு இல்லாத காலேஜ் பசங்களுக்கு இருந்த ஒரே நல்ல வழி அது.

இன்னொரு விஷயம், இந்தப் பெட்டியோட 10 ஜிபி மெமரி சில கேமுக்கு இடிக்குது. பால்டர்ஸ் கேட் 3 எக்ஸ்பாக்ஸுக்கு லேட்டா 2023 டிசம்பர்ல வந்ததுக்குக் காரணமே சீரிஸ் எஸ்ல ஒரே டிவில ரெண்டு பேர் ஆடுற வசதியை ஓட்ட முடியாம போனதுதான், அந்த வசதி அதுல அப்புறம் 2025லதான் வந்துச்சு. பிளாக் மித் வூகாங் பிஎஸ்5க்கு வந்து ஒரு வருஷம் கழிச்சுத்தான் எக்ஸ்பாக்ஸுக்கு வந்துச்சு, அந்த டீமும் இந்த மெமரியைத்தான் காரணமா சொன்னாங்க. எக்ஸ்பாக்ஸுக்குன்னே இருந்த ஃபோர்சா ஹொரைசன் 5 கூட 2025 ஏப்ரல்ல பிஎஸ்5க்குப் போயிடுச்சு, ஸோ "அந்த கேமுக்காக இந்தப் பெட்டி"ங்கிற காரணமும் தேஞ்சுக்கிட்டே வருது.

யாருக்கு சரி: நல்ல பைபர் லைன் இருக்கு, ஒரே கேமை மாசக்கணக்கா ஆடாம பத்து கேமை எடுத்து எடுத்துப் பாக்குற பழக்கம், இல்லன்னா ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம்தான் ஆடப் போறீங்க. இலவச கேமை ஆன்லைன்ல ஆட எக்ஸ்பாக்ஸ்லயும் சரி பிளேஸ்டேஷன்லயும் சரி சந்தா வேணாம். எல்லா மாசமும் கேம் பாஸ் கட்டாம, லீவு மாசத்துல மட்டும் கட்டி மத்த நேரம் நிறுத்தி வச்சா இந்தப் பெட்டி இன்னமும் லாபம்தான்.

## பிஎஸ்5: டிஜிட்டலா, டிஸ்க்கா

ஸ்லிம் மாடல் 2024 ஏப்ரல்ல இந்தியாவுக்கு வந்தப்போ டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் 44,990, டிரைவ் இருக்குற டிஸ்க் மாடல் 54,990. பத்தாயிரம் வித்தியாசம். பட்ஜெட்ல இருக்கவங்க கண்ணு நேரா டிஜிட்டல் பக்கம் போகும். இங்கதான் நிதானிக்கணும்னு சொல்றேன்.

ஒரு கணக்கு போடுவோம். வருஷம் நாலு கேம் முடிக்கிறீங்கன்னு வச்சுக்கோங்க. டிஜிட்டல்ல சேல் வரைக்கும் காத்திருந்து சராசரியா 2,500க்கு வாங்குனா வருஷம் பத்தாயிரம், அது போனது போனதுதான். டிஸ்க்ல செகண்ட் ஹேண்ட்ல அதே 2,500க்கு வாங்கி முடிச்சுட்டு 1,800க்கு வித்தா ஒரு கேமுக்கு ஆன செலவு 700, நாலுக்கு 2,800. வருஷத்துக்கு 7,200 மிச்சம். ஒன்றரை வருஷத்துக்குள்ள அந்தப் பத்தாயிரம் திரும்பிடும், அதுக்கப்புறம் எல்லாம் லாபம். ஃபிரண்டுகிட்ட இரவல் வாங்குறது, ஊர்ல இருக்குற கேம் கடையில எக்ஸ்சேஞ்ச் பண்றது, சென்னைல ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு ரவுண்டு போயி பழைய டிஸ்க் தேடுறது, இதெல்லாம் இந்தக் கணக்குலயே வரல. பிஎஸ்4 டிஸ்க்கும் டிஸ்க் மாடல் பிஎஸ்5ல ஓடும், அதனால பத்து வருஷத்து பழைய மார்க்கெட் மொத்தமும் உங்களுக்குத் திறந்திருக்கு. போன வருஷத்து ஃபுட்பால் கேம் டிஸ்க் எல்லாம் புது வெர்ஷன் வந்ததும் விலை தரைமட்டத்துக்கு வந்துடும், டீம் லிஸ்ட் கொஞ்சம் பழசு, ஆட்டம் அதே ஆட்டம்தான்.

டிஜிட்டல் வாங்கிட்டு அப்புறமா டிரைவ் மாட்டிக்கலாமேன்னு கேப்பீங்க. ஸ்லிம்ல அதுக்கு வசதி இருக்கு, தனியா விக்கிற டிரைவை மாட்டி முதல் தடவை நெட்ல இணைச்சுட்டா போதும். ஆனா அந்த டிரைவ் உங்க ஊர்ல நிஜமா கிடைக்குதா, என்ன விலைன்னு கடையில கேட்டு உறுதி பண்ணிக்கிட்டு அப்புறம் இந்தத் திட்டத்துல இறங்குங்க, நம்பி வாங்கிட்டு அப்புறம் தேடாதீங்க.

மத்த செலவுகள்: பெய்டு கேமை ஆன்லைன்ல ஆட பிஎஸ் பிளஸ் சந்தா வேணும். டூயல்சென்ஸ் கன்ட்ரோலர் இந்தியாவுக்கு வரும்போதே 5,990 ரூபாய், வீட்டுல ரெண்டு பேர் இருந்தா அது கட்டாயச் செலவு, நாள்பட ஸ்டிக் தானா ஒரு பக்கம் நகர ஆரம்பிக்கிற பிரச்சனையும் வரலாம். கரன்ட்டைப் பத்தி யாரும் பேசுறதில்ல, பிஎஸ்5 பெரிய கேம் ஓடும்போது 200 வாட்ஸ் பக்கம் இழுக்கும், தினம் மூணு மணி நேரம்னா ரெண்டு மாச ஈபி பில்லுல 36 யூனிட். சீரிஸ் எஸ்ல அதே பதினஞ்சு யூனிட்டுக்குள்ள முடிஞ்சிடும். ஏற்கனவே 500 யூனிட் பார்டர்ல நிக்கிற வீடுன்னா இந்த 36 யூனிட் ஸ்லாப்பையே மாத்தி விட்டுடும், வெயில் காலத்துல ஏசியும் ஓடும்போது கவனிங்க.

பெட்டி நல்ல பெட்டிதான், சந்தேகமே வேணாம். ஸ்டோரேஜ் பத்தலைன்னா கம்ப்யூட்டருக்கு வாங்குற சாதாரண எம்.2 எஸ்எஸ்டியே போட்டுக்கலாம் (வேகம் மட்டும் சோனி சொன்ன அளவுக்கு இருக்கணும்), ஸ்பெஷல் கார்டு எதுவும் தேவையில்ல. ஆஸ்ட்ரோஸ் பிளேரூம்னு ஒரு கேம் இலவசமா உள்ளேயே வருது, வாங்குன அன்னைக்கு நைட்டே வீட்டுல எல்லாரும் ஆடலாம், சின்னக் குழந்தைலேர்ந்து தாத்தா வரைக்கும். ஜிடிஏ 6 வர்றதா அறிவிச்சிருக்குறது பிஎஸ்5லயும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பெட்டிகள்லயும்தான், பிஎஸ்4ல கிடையாது, அதுக்காகவே வாங்குறவங்க இதைக் கணக்குல வச்சுக்கோங்க.

யாருக்கு சரி: அஞ்சு வருஷத்துக்கு ஒரே பெட்டின்னு நினைக்கிறவங்க, கதை இருக்குற பெரிய கேம் பிடிச்சவங்க. பட்ஜெட் டிஜிட்டல் வரைக்கும்தான் எட்டுதுன்னா மூணு நாலு மாசம் சேத்து டிஸ்க் மாடலுக்குப் போங்க, விலை குறையுறதுக்காகக் காத்திருக்கிறது வேற, காசு சேர்றதுக்காகக் காத்திருக்கிறது வேற. தீபாவளி, கோடை லீவு சமயத்துல சோனி சில ஆயிரம் தள்ளுபடி விடுற வழக்கமும் இருக்கு.

## செகண்ட் ஹேண்ட் பிஎஸ்4

இதை யாரும் பெருமையா சிபாரிசு பண்ண மாட்டாங்க, நான் பண்றேன். கண்டிஷனைப் பொறுத்து பதினஞ்சாயிரத்தை ஒட்டிக் கிடைக்குது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, விட்சர் 3, கோஸ்ட் ஆஃப் சுஷிமா, காட் ஆஃப் வார் ரெண்டு பாகம், ஸ்பைடர்மேன், லாஸ்ட் ஆஃப் அஸ் ரெண்டு பாகம், கிரிக்கெட் 24, எல்லாம் இதுல ஓடும், எல்லாத்துக்கும் பழைய டிஸ்க் இருக்கு. இதுவரைக்கும் கன்சோலே தொடாத ஒருத்தருக்கு இந்த லிஸ்ட் ரெண்டு மூணு வருஷத்துக்குத் தாங்கும். பெட்டி பதினஞ்சு, டிஸ்க்குக்கு ஒரு அஞ்சாயிரம் சுத்துல விட்டா இருபதாயிரத்துல வேலை முடிஞ்சது.

குறை என்னன்னா காலம் முடியப் போகுது. புதுசா வர்ற பெரிய கேம் பெரும்பாலும் பிஎஸ்4க்கு வர்றதில்ல, பிஎஸ் பிளஸ்ல மாசா மாசம் கொடுக்குறதுலயும் 2026 ஜனவரிலேர்ந்து பிஎஸ்4 கேமுக்கு முக்கியத்துவம் இல்லன்னு சோனி சொல்லிட்டாங்க. வாரன்ட்டி இருக்காது. ஹார்ட் டிஸ்க் மெதுவா இருக்கும், ஆனா சாதாரண ரெண்டரை இன்ச் எஸ்எஸ்டி வாங்கி நாமளே மாத்திக்கலாம்.

வாங்கப் போறப்போ அவசரப்படாதீங்க. விக்கிறவங்க வீட்டுலயே டிவில போட்டு அரை மணி நேரமாவது ஒரு பெரிய கேமை ஓட்டச் சொல்லுங்க, ஃபேன் சத்தம் ஜெட் மாதிரி ஏறுதா, நடுவுல ஆஃப் ஆகுதா பாருங்க. டிஸ்க் போட்டா இழுக்குதா, வெளிய தள்ளுதா. எச்டிஎம்ஐ ஒயரை லேசா அசைச்சா படம் போகுதா. உங்க ஃபோன் ஹாட்ஸ்பாட்ல கனெக்ட் பண்ணி பிஎஸ்என் (பிளேஸ்டேஷனோட ஆன்லைன் சேவை) அக்கவுன்ட்ல லாகின் ஆகுதான்னு கட்டாயம் பாருங்க, சோனி தடை பண்ணின பெட்டின்னா அங்க மாட்டிக்கும். "ஜெயில்பிரேக் பண்ணது, அம்பது கேம் ஃப்ரீ"ன்னு, பெட்டியோட பூட்டை உடைச்சு திருட்டு கேம் ஏத்தி விக்கிறதை வாங்காதீங்க, ஆன்லைன் போக முடியாது, அப்டேட் பண்ண முடியாது, கேம் பண்றவங்க உழைப்புக்கும் அது நியாயம் இல்ல.

யாருக்கு சரி: மாணவர்கள், முதல் தடவை வாங்குறவங்க, "பையனுக்கு ஆர்வம் நிலைக்குமா தெரியலையே"ன்னு யோசிக்கிற அப்பா அம்மா. ஆறு மாசத்துல ஆர்வம் போயிடுச்சுன்னா ரெண்டு மூணாயிரம் நஷ்டத்துல திரும்ப வித்துடலாம், புதுப் பெட்டில அந்த நஷ்டம் பெருசு.

## நின்டெண்டோ ஸ்விட்ச்

சின்னக் குழந்தைங்க இருக்குற வீட்டுக்கு ஆட்டம்னு பாத்தா இதுதான் முதலிடம், மரியோ கார்ட்டை அக்கா தம்பி நாலு பேர் சேந்து ஆடுற சந்தோஷம் வேற பெட்டில கிடைக்காது. டிவி தேவையில்ல, கையிலயே ஆடலாம், ஏழு மணிலேர்ந்து பத்து மணி வரைக்கும் சீரியல் ஓடுற வீட்டுல அது எவ்வளவு பெரிய வசதின்னு சொல்ல வேண்டியதில்ல.

ஆனா நின்டெண்டோ இந்தியாவுல அதிகாரப்பூர்வமா ஸ்விட்ச்சை விக்கவே இல்ல. கடையில இருக்குறதெல்லாம் வெளிய இருந்து வந்தது, வாரன்ட்டின்னா கடைக்காரர் வாய்ச்சொல்தான். இந்தியாவுக்குன்னு ஆன்லைன் ஸ்டோர் கிடையாது, வேற நாட்டு அக்கவுன்ட், வேற நாட்டு கிஃப்ட் கார்டுன்னு சுத்தி வளைக்கணும். அவங்க சொந்த கேம் விலை வருஷம் போனாலும் இறங்காது, ஒரு நல்ல பக்கம் என்னன்னா கேட்ரிட்ஜை (இதுல கேம் வர்ற சின்ன கார்டு) திரும்ப விக்கும்போதும் விலை இறங்காது. சிங்கப்பூர்லயோ துபாய்லயோ அண்ணனோ மாமாவோ இருந்து வாங்கிட்டு வர்றாங்கன்னா, குழந்தைக்கு பத்து வயசுக்குள்ளன்னா, தாராளமா இது. அப்படி யாரும் இல்லன்னா வேணாம்.

## வாங்காம இருக்குறது

இதுவும் ஒரு வழிதான். காலேஜ் சேரப் போற பையனுக்கு எப்படியும் லேப்டாப் வாங்கியாகணும்னா, சாதா லேப்டாப்பும் கன்சோலும் தனித்தனியா வாங்குற காசுல ஒரு கேமிங் லேப்டாப் வந்துடும். கம்ப்யூட்டர்ல ஆன்லைன் ஆட சந்தா கிடையாது, ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில ரூபாய் விலைல சேல் வரும், எபிக் ஸ்டோர்ல இலவசமா கேம் கொடுத்துக்கிட்டே இருக்காங்க. படிப்பு, வேலை, ஆட்டம் மூணுக்கும் ஒண்ணு. ஃபிரண்ட்ஸ் எல்லாரும் ஃபோன்லதான் ஆடுறாங்கன்னா நல்ல ஃபோன் இருந்தாலே போதும், கன்சோல் ஒரு மாசத்துல டிவிக்குக் கீழ தூசி பிடிச்சுக்கிட்டு நிக்கும்.

## ஒரே பார்வையில

| | டிஸ்க் | நெட் தேவை | பெட்டிக்கு மேல ஆகுற பெரிய செலவு | வாரன்ட்டி |
|---|---|---|---|---|
| சீரிஸ் எஸ் | இல்ல | ரொம்ப அதிகம் | கேம் பாஸ், ஸ்டோரேஜ் கார்டு | உண்டு |
| பிஎஸ்5 டிஜிட்டல் | தனியா மாட்டலாம் | ரொம்ப அதிகம் | ஒவ்வொரு கேமும் | உண்டு |
| பிஎஸ்5 டிஸ்க் | உண்டு | நடுத்தரம் | கன்ட்ரோலர், பிஎஸ் பிளஸ் | உண்டு |
| பழைய பிஎஸ்4 | உண்டு | கம்மி | ரிப்பேர் வந்தா | இல்ல |
| ஸ்விட்ச் | கேட்ரிட்ஜ் | கம்மி | விலை இறங்காத கேம் | கடைக்காரர் பொறுப்பு |

## எதை வாங்குனாலும்

நோ காஸ்ட் இஎம்ஐல போறீங்கன்னா பிராசஸிங் ஃபீஸும், வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டியும் கார்டு பில்லுல வருதான்னு படிச்சுப் பாருங்க. கரன்ட் அடிக்கடி போற ஊர்ல சின்ன யுபிஎஸ் ஒண்ணு போடுங்க, கேம் இன்ஸ்டால் ஆகுற நேரத்துல கரன்ட் போனா முதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டி வரலாம், பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது நல்லதும் இல்ல.

குழந்தைங்க ஆடப் போறாங்கன்னா ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேக்குறேன், உங்க கார்டை அவங்க அக்கவுன்ட்ல சேவ் பண்ணி வைக்காதீங்க. கேம் இலவசம், உள்ள டிரெஸ், பிளேயர் பேக்னு காசு கேக்கும், பத்து வயசுப் பிள்ளைக்கு அது நிஜக் காசுன்னு புரியாது. எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் ரெண்டுலயும் குழந்தைக்குத் தனி அக்கவுன்ட் போட்டு எவ்வளவு நேரம், எந்த வயசு கேம், எவ்வளவு செலவுன்னு லிமிட் வைக்கலாம், முதல் நாளே பண்ணிடுங்க, பழகுனதுக்கு அப்புறம் பிடுங்குனா வீட்டுல சண்டைதான்.

புதுசு வாங்கும்போது ஜிஎஸ்டி பில்லுல இருக்குற சீரியல் நம்பரும் பெட்டில இருக்குற நம்பரும் ஒண்ணான்னு கடையிலயே பாருங்க, ஆன்லைன்ல வந்தா பிரிக்கிறதை முழுசா வீடியோ எடுத்து வைங்க. பிஎஸ்5 டிஜிட்டல்னா அட்டைல ஸ்டோரேஜ் 1 டிபியா 825 ஜிபியான்னும் படிங்க, ஐரோப்பாவுல 2025ல வந்த புது டிஜிட்டல் மாடல்ல குறைச்சு 825 ஆக்கிட்டாங்க, இங்க ஏதோ ஒரு கடை அதை இம்போர்ட் பண்ணி வச்சிருந்தா நீங்க 1 டிபி விலை கொடுத்து அதை வாங்கிட்டு வந்துடக் கூடாது.